மேளத்துக்கு எழும்பாத பிள்ளை

கயத்தாறு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி ஹரிகிருஷ்ணனுக்கு,

அக்கா முத்துசெல்வி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குவைத்தில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஃபோனில் மாத்திரை என்று வாயெடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய் என்றுதான் லீவு முடிந்து குவைத் திரும்புகிற சக்திகுமார் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இந்தப் பக்கம் நல்ல மழை. கரிசலில் கால் வைத்தால் செருப்பு திரும்பி வருவதில்லை. உளுந்து தேறிவிடும் என்கிறார் அத்தான். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை.

மாத்திரைக்கு முன்னால் உன் மகள் காவியா எப்படி இருந்தாள் என்று நீ பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையின் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டாள். ஒருநாள் ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்டு நாலுவழிச் சாலைக்கே ஓடிவிட்டாள். லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். அதற்குப் பிறகுதான் உன் பெண்டாட்டி பானு டாக்டரிடம் போனாள். நீ சொல்வது போல, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கப் போகவில்லை.

திருநெல்வேலி டாக்டர் மாத்திரை எழுதினார். பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை என்று நீ அங்கிருந்து கத்தினாய், அம்மா இங்கிருந்து கத்தினாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அப்படித்தான் பானு பாடு.

புரட்டாசியில் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். நையாண்டி மேளம் தொடங்கினால் முதல் ஆளாக ஆட இறங்குகிற பிள்ளை, இந்தத் தடவை பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். மாத்திரையைத் திட்டிய அம்மாவே, "இப்பதான் பொம்பளப்பிள்ள லட்சணமா இருக்கா" என்று பூரித்துப் போனாள். நானும்தான் தலையாட்டினேன். பானு மட்டும் என்னைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போய், "மேளத்துக்குக்கூட எழும்பலியே மைனி, இது எம்பிள்ள இல்ல" என்று அழுதாள்.

மறுநாள் கிடாவெட்டுச் சோற்றுக்குக்கூட நிற்காமல் பிள்ளையோடு பஸ் ஏறினாள். நானும் போனேன். சாப்பாடு இறங்காதது, முகம் வாடியது, சிரிக்காதது எல்லாவற்றையும் சொல்லி டாக்டரை விடாமல் கேட்டாள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று அவர் சொல்லி, அளவைக் குறைத்து எழுதினார். மாத்திரைக்குப் பயந்தவர்கள் நம் வீட்டில் எத்தனையோ பேர். அந்தப் பயத்தை டாக்டரிடமே கொண்டுபோய்க் கேட்டது அவள் ஒருத்திதான். எனக்கு அவளை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது தம்பி.

இப்போது கடி இல்லை, சேட்டை மட்டும் திரும்பிவிட்டது. போன வாரம் இங்கே வந்தவள் என் ரவிக்கையை ஆட்டுக்குட்டிக்கு மாட்டிவிட்டு ஓடினாள். பானு திட்டிக்கொண்டே சிரித்தாள்.

நீயோ மாத்திரையை நிறுத்தும்வரை பானுவோடு பேச்சே கிடையாது என்று இருக்கிறாய். "நிறுத்திட்டா அவிய பேசுவாவளா மைனி?" என்று அவள் என்னிடம் கேட்டாள். டாக்டரிடம் அத்தனை கேள்வி கேட்டவள், நீ பேசாததற்குப் பயந்து நிறுத்திவிடுவாளோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி டாக்டரிடம் போகிறார்கள். நீயும் ஃபோனில் இரு. உன் சந்தேகத்தை எல்லாம் அவரிடம் கேள், தகப்பன் கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் பானுவைக் கூப்பிட்டுப் பேசிவிடு.

நம் குலசாமி உனக்கு ஒரு குறையும் வைக்காது. நீ காவியாவுக்குத் தகப்பன் மட்டும் இல்லை, பானுவுக்குப் புருஷனும் நீதான்.

உன் நல்லதையே நினைக்கும்
அக்கா முத்துசெல்வி