என் வயலின் முதல் மரக்கால்

தை 4, சனி
பனி. பத்து மணிக்குத்தான் வெயில்.

நான் வயலுக்குச் சாக்கடை விட்டதாகக் கடைத்தெருவில் பேச்சு. தவறு. விட்டது சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர். தஞ்சாவூர்க் கழிவு அங்கே தெளிந்து குழாயில் வருகிறது. கார்த்திகையில் வாய்க்கால் கடைமடைக்கு எட்டவில்லை. பயிர் கதிர் வெளிவராமல் பொதியில் நின்றது. விண்ணப்பம் எழுதி வாங்கினேன். ஒளிக்கவில்லை. எருவும் அங்கேதான், காயவைத்த கசடு. யூரியா பாதிதான் போட்டேன். நெல் நல்ல கனம்.

வாங்க வேண்டியது: கண்ணாடிக்குத் திருகாணி. பி.பி. மாத்திரை. களத்து நெல்லுக்குப் படுதா.

தை 5, ஞாயிறு
விழாக் குழுச் செயலாளர் குமரவேல் வந்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானம். முதல் உலைக்கு எங்கள் வயலின் புது அரிசி ஒரு மரக்கால். மாமனார் தொடங்கியது. கணவர் இறந்த ஆண்டு, தீட்டு என்று பங்காளி கையில் கொடுத்தனுப்பினேன். நிறுத்தவில்லை.

"பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷம் உங்க அரிசி வேணாம். எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க."

"எல்லாரும்னு பேர் வச்சவங்க இந்தத் தெருவுல யாரும் இல்லையே."

சிரித்து மழுப்பினார். காபி கொடுத்தேன். குடித்தார்.

போனபின் மரக்காலைத் துடைத்தேன். இரண்டு முறை. கோபம்தான், வேறில்லை.

தை 6, திங்கள்
வயல் வேலைக்கு வரும் செல்வி: "அரிசிதான் ஆகாதாம்மா? இலை ஆகுமா? ஜமால் பாய் தோப்புக்கும் அதே கொழாய்தானே!"

உண்மை. அன்னதானத்துக்கு வாழை இலை பாயிடம்தான். என் வரப்பை ஒட்டிய தோப்பு. குமரவேலுக்கு இது தெரியாது. தெரிந்தால் முகம் எப்படிப் போகும்! நாள் முழுக்க அதே நினைப்பு. அற்பத்தனம்.

மாலை பாயே வந்துவிட்டார். செல்வியின் வாய்.

"அம்மா, நீங்க கேக்குறது நியாயம். ஆனா என் இலையை இழுத்தீங்கன்னா தை முகூர்த்தம் மொத்தமும் போயிடும்."

"உங்க இலையைக் காட்டித்தான் என் அரிசி உள்ள போகணும்னா, அது வெளியிலயே கிடக்கட்டும். உக்காருங்க பாய்."

தை 7, செவ்வாய்
அதே அரிசியில் சோறு. மோர், நார்த்தங்காய். கொஞ்சம் குழைவு, புது அரிசி அப்படித்தான்.

மகன் போனில்: "விடும்மா. கடையில ஒரு மூட்டை பொன்னி வாங்கிக் குடுத்துடு." கடை அரிசி எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று யார் கேட்டார்கள்? விடமாட்டேன்.

கான்வென்டில் படித்தபோது சொல்லிக்கொடுத்தது: ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம். பாய் பெயர் இல்லை, இலை இல்லை. மூன்று முறை அடித்து எழுதியதன் நகல்:

செயலாளர் அவர்களுக்கு,
வெள்ளி காலை ஆறு மணிக்கு எங்கள் வயலின் அரிசி ஒரு மரக்காலை நானே மடப்பள்ளி வாசலுக்குக் கொண்டுவருவேன். நிலையம் தந்த தண்ணீர்ப் பரிசோதனைச் சான்றின் நகலை இணைத்துள்ளேன். அரிசியை ஏற்பீர்களா, மாட்டீர்களா என்பதை வியாழன் மாலைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.