கறுப்பு அவரை யாருடையது

மார்ச் 4

மழை. ஜெபக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். வாளியில் விழும் சொட்டுக்குச் சிஸ்டர் டிம்ப்னாவைவிடத் தாளம் தெரிகிறது. மூன்று கிழவிகள் சங்கீதம் பாடுவது பாட்டா, முனகலா? மதர் கொலம்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. பாதி வரியில் நிறுத்தி எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஆயர் அனுப்பிய குருவானவர், வெளியாட்களை எங்களிடமிருந்து பிரிக்கும் கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "மூணு பேரை வச்சு மடத்தை ஓட்ட முடியாது சிஸ்டர். ரெண்டே வழிதான்."

ஒன்று, ஹோட்டல்காரர்களுக்கு விற்பது. சாகும்வரை எங்களைப் பின்கட்டில் இருக்கவிடுவார்கள். செத்தால் தோட்டத்தில், எங்கள் சகோதரிகளின் வரிசையிலேயே புதைக்கலாம். இன்னொன்று, பக்கத்து மலையில் கேரவன் வண்டியில் குளிரில் விறைக்கும் பௌத்த பிக்குணிகளுக்குக் கொடுத்துவிடுவது. வேறு மதத்தார் மடத்தில் எங்களை விட்டுவைக்க ஆயர் சம்மதிக்க மாட்டார். அப்படியானால் எங்களுக்கு ஹோபார்ட் நகரத்தில் முதியோர் இல்லம், அப்புறம் ஊர்ப் பொதுக் கல்லறை. எதுவானாலும் நாங்களே முடிவு செய்ய வேண்டுமாம்.

எனக்குத் தோட்டம் வேண்டும். என் இடத்தை என்றோ பார்த்துவைத்துவிட்டேன்.

மார்ச் 9

சாப்பாட்டு வேளையில் டிம்ப்னா துறவு மடங்களின் வரலாற்றை வாசிக்கிறாள். எகிப்துப் பாலைவனத்தில் கூடை முடைந்தபடி ஜெபித்தவர்களிடமிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று நினைத்திருந்தேன். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே மொட்டைத்தலைப் பெண்கள் பிச்சைப் பாத்திரம் ஏந்தி நடந்தார்களாம். அப்படியானால் நாம் இரண்டாம் பந்தியா? எரிச்சலாக வந்தது.

மார்ச் 14

வெட்கக்கேடு.

பிக்குணிகள் மூன்று பேர் வீட்டைப் பார்க்க வந்தார்கள். மதியத்துக்குள் ஒரே வேளைதான் சாப்பிடுவார்கள் என்று தெரியும். பூசணி சூப், ரொட்டி, ஆப்பிள் எல்லாவற்றையும் சுவரில் சுழலும் மரப்பெட்டியில் வைத்து அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, மணியடித்துவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டேன். வெளியாட்களுக்கு நாங்கள் எதையும் கைக்குக் கை கொடுப்பதில்லை. நான் மடத்துக்குள் வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஜெபம் முடிந்து திரையை விலக்கினால், வைத்தது வைத்தபடி இருக்கிறது. எதிரே கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஏன், பிடிக்கலையா?"

மூத்தவள், நந்தசீலா, தயங்கினாள். "யாராவது கையில குடுத்தாத்தான் நாங்க எடுக்கலாம் சிஸ்டர். இப்ப மதியம் தாண்டிருச்சு. பரவால்ல, நாளைக்குச் சாப்பிட்டுக்குறோம்."

"சொல்லியிருக்கலாமே!"

"இது மௌன நேரம்னு கதவுல எழுதியிருந்ததே."

டிம்ப்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நம்மளையே தூக்கிச் சாப்பிட்ருவாங்க போல!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு சட்டங்களுக்கு நடுவே மூன்று பெண்கள் பட்டினி. அதில் ஒரு சட்டம் என்னுடையது.

மார்ச் 15

இன்று அவர்கள் மறுபடி வந்தபோது உள்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். அனுமதி கேட்கவில்லை. நந்தசீலாவின் பாத்திரத்தில் என் கையால் சோறு வைத்தேன்.  அவள் தலை குனிந்திருந்தாள், நன்றிகூடச் சொல்லவில்லை. அதுதான் அவர்கள் வழக்கமாம்.

சாப்பிட்டபின் சொன்னாள்: "இலங்கையில எங்க பிக்குணிப் பரம்பரை ஆயிரம் வருஷம் அறுந்து கெடந்துச்சு. இப்பத்தான் திரும்பக் கட்டியிருக்கோம். எங்காளுங்களே பாதிப்பேர் இன்னும் ஒத்துக்கல."

ஆயிரம் வருஷம்! நம்முடையது அறுந்தால் யார் கட்டுவார்?

திரும்பி வந்தபோது மதர் நடையில் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கதவைச் சாத்து பெர்க்மன்ஸ், குளிருது" என்றார்.

ஏப்ரல் 2

நாளை வாக்கு, எங்கள் வழக்கப்படி பெட்டியில் அவரை விதை போட்டு. டிம்ப்னா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "செத்தாலும் இங்கதான். ஹோட்டலோ கழுதையோ, எவன் வந்தா எனக்கென்ன?" மதர் வழக்கம்போல வாயே திறக்கவில்லை. மதர் எப்போதும் கொடுக்கிற பக்கம்தான்.

அப்படியானால் என் விதையில்தான் எல்லாம். ஆண்டவரே, நான் ஏன்? எனக்கும் அந்த மண் வேண்டுமே. ஆனால் ஜெபக்கூடத்தில் மது பரிமாறுவதைப் பின்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேனா?

ஏப்ரல் 3

பிக்குணிகளுக்குக் கொடுக்க வெள்ளை அவரை, வேண்டாமென்றால் கறுப்பு. பெட்டிக்குள் ஒவ்வொருவராகக் கைவிட்டோம். மதர் தட்டில் கொட்டினார். வெள்ளை இரண்டு, கறுப்பு ஒன்று.

விதைகளை அடுப்பில் போட்டாயிற்று. எது யாருடையது என்று கேட்கக் கூடாது. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. டிம்ப்னா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மே 20

ஹோபார்ட். பக்கத்து அறையில் நாள் முழுக்கத் தொலைக்காட்சி.

ஜூன் 11

டிம்ப்னாவும் நானும் ஜெபம் தவிர வேறு பேசுவதில்லை. அந்தக் கறுப்பு விதை என் தொண்டையிலேயே நிற்கிறது. அவள் சாகக் கேட்ட இடத்தை நான் பறித்தேன் என்று ஒரு நேரம். எங்களைவிட அவளுக்கு மட்டும் அந்த மண் என்ன உசத்தி என்று இன்னொரு நேரம். நேற்று அவள் நீட்டிய டீயை வேண்டாமென்று தள்ளிவிட்டேன்.

ஆகஸ்ட் 16

மதருக்கு நெஞ்சில் சளி, காய்ச்சல். டாக்டர் கையை விரித்துவிட்டார். விடியற்காலையில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கறுப்பு நான் போட்டது பெர்க்மன்ஸ். அங்கயே கெடக்கணும்னு ஒரு ஆசை. கெழவிக்குப் புத்தி போகுது பாரு."

  விரலை இறுக்கிப் பிடித்தேன்.

ஆகஸ்ட் 19

பொதுக் கல்லறை. மதருக்கு இடப்பக்கம் ஒரு பஸ் டிரைவர், வலப்பக்கம் இரட்டைக் குழந்தைகள். நந்தசீலா வந்திருந்தாள், மழையில் ஓரமாக நின்றாள்.

டிம்ப்னாவிடம் கேட்டுவிட்டேன். "நீயா வெள்ளை போட்ட? சாகறவரைக்கும் அங்கதான்னியே?"

"நைட்டுல மனசு மாறிருச்சு. நீயும் மதரும் எப்படியும் வெள்ளைதான்னு நெனச்சேன். நான் மட்டும் எதுக்குக் குறுக்க நிக்கணும்னு..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப கறுப்பு?"

குழியைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மண் போட்டோம். முதலில் அவள், பிறகு நான்.