ஒரு மவுஸ், இரண்டு கை

வியாழன், இரவு

நாளைக் காலை மைன்ஸ் மீட்டிங்கில் நான் காட்ட வேண்டிய பம்ப் வரைபடம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. முதல் தடவையாக ரிமோட் கனெக்‌ஷன் போட்டு, ஆபீஸ் திரையை வீட்டு லேப்டாப்பில் திறந்து, குவார்ட்டர்ஸில் இருந்தபடியே அதை இழுத்துக்கொண்டிருந்தேன். பாதி வந்திருக்கும். திரையில் அம்பு தானாக நகர்ந்து ‘ஷட் டவுன்’ பக்கம் போனது. ஆபீஸ் அறையைப் பூட்ட வந்த அட்டெண்டர் தனபால் அண்ணன்தான். ஓடுகிற கம்ப்யூட்டரைக் கண்டால் அணைக்காமல் போகமாட்டார். நான் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுத்தார். சட்டென்று நோட்பேடைத் திறந்து, “அண்ணே, அணைக்காதீங்க! நான் மாலதி, வீட்லேர்ந்து” என்று அடித்தேன்.

அம்பு அப்படியே நின்றது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக வந்தது: “பேயின்னு பயந்துட்டேம்மா. முடியட்டும், உக்காந்துகினு இருக்கேன்.”

ஃபைல் முழுசாக வந்துவிட்டது! நன்றி அடித்தேன்.

“அப்ப லைட்டு, ஃபேனையும் அங்கேர்ந்தே அணைச்சுடும்மா. நான் பூட்டிகினு கெளம்புறேன்.”