என் மடையை நீ வந்து திற

சிதம்பரம் அருகில்,
5.10.2009

அன்புத் தம்பி சபாபதிக்கு அண்ணன் ராஜமாணிக்கம் எழுதுவது. நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நீயும் உன் சம்சாரம் கொளஞ்சியும் நன்றாக இருக்கிறீர்களா? போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தையாவது கிழிக்காமல் படி.

இங்கே உன் அண்ணிக்கு முழங்கால் வலி ஜாஸ்தி. மற்றபடி சௌக்கியம். வருகிற வெள்ளிக்கிழமை நீ உன் நிலத்தை விற்றுப் பத்திரம் எழுதப்போவதாக மேலத்தெரு லூர்துசாமி சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் வாய்க்கால் சங்கத்திலிருந்து எங்களை வேறு ஊர்ப் பாசனத்தைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பஸ்ஸும் சாப்பாடும் இலவசம் என்றுதான் போனேன். அங்கே என்னைப்போல் தலைமடையில் வயல் உள்ளவன், முதலில் உன்னைப்போன்ற கடைமடைக்காரன் வயலில் போய் நிற்கிறான். தண்ணீர் அங்கே வந்து சேர்ந்த பிறகு, கடைமடைக்காரன் தன் கையால் இவன் மடையைத் திறந்துவிடுகிறான். நம் ஊரிலும் அப்படியே செய்வோம் என்று சீட்டுப் போட்டு ஜோடி சேர்த்தார்கள். என் சீட்டில் உன் பெயர் வந்தது.

இருப்பது ஒரே வாய்க்கால். நாற்பது வருஷத்தில் அதன் கடைசிவரை நான் நடந்ததில்லை. பகல் முழுக்க உன் வயலில் நின்றேன். உன் நாற்றங்கால் கருகிய இடம் இன்னும் வெடித்துக் கிடந்தது. நான் முறை தவறி மூன்று நாள் மடையை அடைக்காமல் விட்ட வருஷம், கொளஞ்சி குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாளே, அதே இடம். குடத்தில் விவசாயமா என்று டீக்கடையில் நான் சிரித்தேன். அது உன் காதுக்கு வந்த மறுவாரம்தான் நீ சிப்காட்டுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனாய். நான் உன் வயலில் நின்ற மறுநாள் தண்ணீர் வந்து காலில் பட்டபோது அழுதுவிட்டேன். சங்கத்தார் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உன்னைக் கேட்காமல் அதே இடத்தில் நாற்று விட்டிருக்கிறேன். அதற்கும் சேர்த்துத் திட்டு. இன்றோடு இருபது நாள், பச்சை பிடித்து நிற்கிறது. நம் இருவர் வயலுக்கும் போதும்.

ஊரில் எல்லா மடையும் திறந்தாகிவிட்டது. உன் தம்பிதான் ஊரில் இல்லையே, நீயே திறந்துகொள் என்று சங்கத்தில் சொன்னார்கள். மண்வெட்டியோடு போனேன். கை வரவில்லை. என் வயல் காய்ந்துதான் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசுக்குப் போகும் முன் ஒரு நடை ஊருக்கு வா. என்னோடு பேச வேண்டாம். என் மடையை மட்டும் திறந்துவிட்டுப் போ. அதன் பிறகு உன் இஷ்டம்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
ராஜமாணிக்கம்