பல்பு டீச்சர்

போன வாரம் பயிற்சி மையத்தின் இரும்பு பீரோவைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது நீ செய்த பல்புப் பெட்டியின் வாடைதான். மழை ஈரம் உள்ளே இறங்கி, கறுப்புத் தோலில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது. அலுவலக உதவியாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதத் தூக்கிப் போட்றவா மேடம்? எலி செத்த மாதிரி நாறுது" என்றார். வேண்டாம், வெயிலில் வையுங்கள் என்றேன். வேற்று நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று, புதிதாக வேலையில் சேர்ந்த அறிவியல் ஆசிரியர்களுக்கு மறுபடியும் பயிற்சி நடத்த உத்தரவு வந்திருக்கிறது. 'இந்தப் பாடத்தில் மாவட்டத்திலேயே அனுபவமுள்ள ஒரே ஆள்' என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நீ செத்துப்போனதால் அது உண்மையாகிவிட்டது.

பி.எட். படிக்கும்போதே நீ என்னைவிடக் கெட்டிக்காரி. அதை நான் ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை. பிறகு நான் திண்டுக்கல்லுக்குள்ளேயே ஒரு பள்ளியில் சொகுசாக இருந்துகொண்டேன். நீ வேடசந்தூர்ப் பக்கம் போய், மில்லுக்குப் போகிற பெண்களோடு பஸ்ஸில் நின்றுகொண்டே பதினைந்து வருடம் போய் வந்தாய். ஒரே வகுப்பில் அறுபது பிள்ளைகள். கத்திக் கத்தி உன் தொண்டை கரகரத்துப் போனது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "மிளகுப் பால் குடிடி, சரியாயிரும்" என்று நானே பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

நம் இருவரையும் சென்னையில் நடந்த ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து இங்கே மற்ற ஆசிரியர்களுக்கு நாம் நடத்த வேண்டும். சென்னையில் படம் போட்டுக் காட்டினார்கள். நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு கோள் கடந்து போனால் அதன் வெளிச்சம் துளி குறையும், வரைபடத்தில் ஒரு குழி விழும், அந்தக் குழியை வைத்துக் கோளைக் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். நீ ஊர் திரும்புகிற ரயிலிலேயே, "படத்தக் காட்டுனா டீச்சருங்க தூங்கிருவாங்கடி. கையில செய்யணும்" என்றாய்.

பேகம்பூரில் உன் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து செய்தாய். உன் அத்தாவின் தோல் கிடங்கிலிருந்து வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து ஓர் அட்டைப் பெட்டிக்குள் ஒட்டினாய். வெளி வெளிச்சம் புகாது, உள் வெளிச்சம் தெறிக்காது. உள்ளே உருண்டையான வெள்ளை பல்பு. கம்பியில் கோத்த கொண்டைக்கடலையும் மிளகும் கடுகும் அதைச் சுற்றி வரும். எதிர்ப்பக்கத் துளையில் வைத்த செல்போன் வெளிச்சத்தை அளந்து கோடு போடும். கொண்டைக்கடலை கடந்தபோது கோடு சட்டென்று இறங்கியது. மிளகுக்குக் கொஞ்சம். கடுகுக்கு அசையவே இல்லை. நான் கடுகை எடுத்துவிடலாம் என்றேன். "எதுக்கு எடுக்கணும்? சின்னக் கோளு இதுல மாட்டாதுன்னு அதுதான சொல்லுது" என்றாய். உன் அம்மா வெஞ்சனத்துக்கு வைத்திருந்த கடலையைக் காணோமென்று சத்தம் போட்டதும், நீ வாயைப் பொத்திச் சிரித்ததும் நினைவிருக்கிறது. அப்போது உன் சிரிப்புக்கே சத்தம் குறைந்திருந்தது. நான் கவனிக்கவில்லை.

பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களில் முதல் அணிக்கு நீதான் பேசினாய். பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரி அரை மணி நேரம் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க குரலு மூணாவது வரிசையத் தாண்டலம்மா. நீங்க பேசுங்க. அவங்க அந்த பல்பு கில்ப பாத்துக்கட்டும்."

உன்னிடம் வந்து சொன்னேன். நீ மைக்கை என் கையில் கொடுத்தாய். சாயங்காலம், பேச வேண்டியதையெல்லாம் உன் அழகான கையெழுத்தில் பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தாய். அதைத்தான் நான் மனப்பாடம் செய்து பேசினேன். எனக்குக் கைதட்டல் கிடைத்தது. இரண்டாவது அணியில் அந்தப் பேச்சு என்னுடையதாகிவிட்டது. அந்தப் பதினோரு பக்கத்தைக் கையேடாக அச்சடிக்கப்போவதாகச் சொல்லி, 'தயாரிப்பு' என்ற இடத்தில் பெயர் கேட்டார்கள். என் பெயரை மட்டும் எழுதினேன். மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். மறக்கவில்லை.

மூன்றாவது அணிதான் நான் சொல்ல வந்தது. நாற்பத்திரண்டு பேர். முன்வரிசையில் அந்த அதிகாரி. நான் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியர் எழுந்தார்.

"ஏனுங்க டீச்சர், அத்தன நட்சத்திரத்தப் பாத்ததுல கொஞ்சத்துக்குத்தான் இந்தக் குழி விழுதுன்னு சொல்றீங்க. அப்ப மத்ததுக்கெல்லாம் கோளே இல்லீங்களா?"

உன் பதினோரு பக்கத்தில் அதற்குப் பதில் இருந்திருக்கும். எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா சார், குழி விழலேன்னா கோள் இல்லைன்னு அர்த்தம்" என்றேன்.

பின்னாலிருந்து உன் குரல் வந்தது. கிழிந்த துணி மாதிரி. "இல்ல... அப்படி இல்ல. கோள் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். நமக்கு நேரா குறுக்க வரலேன்னா குழி விழாது. இருங்க, கம்பியச் சாச்சுக் காட்டுறேன்..."

நீ சொன்னது சரி என்று கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் அப்படிச் சொன்னேன். மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்து, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"பல்பு டீச்சர், நீங்க பல்ப மட்டும் போடுங்க. பாடத்த நாங்க பாத்துக்கறோம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். நீ கம்பியில் வைத்த கையை எடுத்துக்கொண்டாய். அன்று மாலை நான்கு மணிவரை நான் 'லைட்' என்று சொல்லும்போதெல்லாம் நீ சுவிட்சைப் போட்டாய், அணைத்தாய். ஒரு தடவைகூடத் தாமதிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுவரை சேர்ந்தே நடந்தோம். நான் வேறு எதையோ பேசிக்கொண்டே வந்தேன். உன் பஸ் வந்ததும் படியில் ஏறித் திரும்பினாய்.

"அந்த சாரு நல்ல கேள்வி கேட்டாருடி. அவருக்கு மட்டுமாவது சரியாச் சொல்லிரு."

"சொல்றேன், சொல்றேன்" என்றேன்.

அதன்பின் நீ பயிற்சிக்கு வரவில்லை. மதுரையில் தொண்டையைச் சோதித்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். கத்தியதால் வந்த கரகரப்பு இல்லை அது. நான் மிளகுப் பால் குடிக்கச் சொன்ன நாளெல்லாம் அது உள்ளே இருந்திருக்கிறது. கேள்விப்பட்டும் நான் உடனே வரவில்லை. பரீட்சை, திருத்தும் வேலை, மகனுக்குக் காய்ச்சல் என்று தினம் ஒரு காரணம். இடையில் ஒருநாள் உன்னிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி: 'மூணாவது அணியோட வருகைப் பதிவேடு இருந்தா அனுப்பு.' எதற்கென்று கேட்காமல் படமெடுத்து அனுப்பினேன். எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து வந்தேன். உன் அம்மா கதவைத் திறந்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா தாயீ?" என்று மட்டும் கேட்டார்கள். நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். முக்காட்டை அதன்மேல் இழுத்துவிட்டிருந்தாய். பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. நான் அழுதேன். அழுதால் நீ எதையும் கேட்கமாட்டாய் என்று எனக்குள் ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓயும்வரை காத்திருந்து, நோட்டில் எழுதி என் பக்கம் திருப்பினாய்.

'பதிலைத் திருத்திட்டியா?'

"திருத்திட்டேன்டி. எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்" என்றேன்.

நீ என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தலையை ஆட்டினாய். நோட்டை மூடினாய். அம்மாவைப் பார்த்து எனக்கு டீ போடச் சொல்லிச் சைகை காட்டினாய். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் சாவுச் செய்தியை ஆசிரியர்கள் குழுவில்தான் படித்தேன். யாரோ ஒருவர் போட்டிருந்தார்: 'நம்ம பல்பு டீச்சர் தவறிட்டாங்களாம்.' அடுத்தடுத்துக் கும்பிடு போடும் கைகள். பிறகு ஒருவர், 'யாரு அது?' வேறொருவர், 'தேர்டு பேட்ச் ட்ரெயினிங்ல மேடம் கலாய்ச்சாங்களே, அவங்கதான்.' கூடவே ஒரு சிரிக்கிற முகம். இரண்டு நிமிடத்தில் அதை அழித்துவிட்டார்கள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். மூன்றாவது அணியோடு அந்தக் கூடத்திலேயே முடிந்துவிட்டதென்று நான் நினைத்திருந்த பெயர், மாவட்டம் முழுக்க உனக்கு நிலைத்திருக்கிறது. அந்தக் குழுவில் உன் உண்மையான பெயரை ஒருவரும் போடவில்லை. நானும் போடவில்லை.

மையித்து எடுக்கும் அன்று வந்தேன். பெண்களுக்கு நடுவே கடைசியில் நின்றுவிட்டு, உன் அம்மா தலை நிமிருமுன் கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருடம் போய்விட்டது. இந்த உத்தரவு வந்த பிறகுதான், எல்லாருக்கும் போன் போட்டேன் என்று உன்னிடம் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று தோன்றியது. பழைய பதிவேட்டை எடுத்து, முதலில் அந்த ஒட்டன்சத்திரத்து ஆசிரியரை அழைத்தேன். என் பெயரைச் சொன்னதும் குரல் மலர்ந்தது. அன்று நான் சொன்ன பதில் தவறு, குழி விழாத நட்சத்திரத்துக்கும் கோள் இருக்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியுமுங்களே! அப்பவே கார்டு வந்துருச்சே. உங்க கூட இருந்தவங்க எழுதியிருந்தாங்க. பள்ளிக்கூட விலாசத்துக்கே வந்துச்சுங்க. எல்லாருக்கும் போட்டிருந்தாங்களாட்ட இருக்குதுங்க."

"என்ன எழுதியிருந்துச்சு சார்?"

"இருங்க, பத்திரமா வச்சிருக்கேன். வருசா வருசம் பசங்களுக்குப் படிச்சுக் காட்டுவேனுங்க." காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. வாசித்தார்.

"'அன்புள்ள ஆசிரியருக்கு, பயிற்சியில் நாங்கள் சொன்ன ஒரு பதில் தவறு. மன்னிக்கவும். கோள் நமக்கும் நட்சத்திரத்துக்கும் நேர் குறுக்கே கடந்தால் மட்டுமே வெளிச்சம் குறையும். சாய்வாகச் சுற்றினால் நமக்குத் தெரியாது. தெரியாததால் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம்.' கீழ உங்க பேரு, அவங்க பேரு, ரெண்டும் இருக்குதுங்க. உங்க பேருதான் மேல."

தேதியைக் கேட்டேன். சொன்னார். நான் உன்னைப் பார்க்க வந்ததற்குப் பதினைந்து நாள் முந்தியது.

ஆக, அன்று நோட்டில் அந்தக் கேள்வியை எழுதியபோது நாற்பத்திரண்டு கார்டும் போய்ச் சேர்ந்திருந்தன. நான் யாருக்கும் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். நான் பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறாய். என்னைத் திட்டி நாலு வரி எழுதியிருந்தால் இந்நேரம் உன்மேல் எனக்குக் கோபமாவது மிஞ்சியிருக்கும். 'நாங்கள்' என்று எழுதிவிட்டாய்.

நேற்று பயிற்சி தொடங்கியது. மைக்கைப் பிடித்ததும் உன் முழுப் பெயரைச் சொன்னேன். இந்தச் சோதனையும் கையேட்டில் இருக்கிற ஒவ்வொரு வரியும் உன்னுடையது என்றேன். முன்னால் இருந்த ஓர் இளம் ஆசிரியை, "அவங்க யாரு மேடம்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உதவிக்கு வந்திருந்த பழைய ஆசிரியர் ஒருவர், "அதாம்மா, பல்பு டீச்சர்" என்றார். ஒன்றும் தெரியாத அந்தப் புதுப் பிள்ளைகளும் பெயரைக் கேட்டதும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்றேன். எதற்காக வைத்தேன் என்பதையும் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பாடத்தைத் தொடங்கினேன்.

நீ என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. என்னிடம் மிச்சமிருப்பது நீ அன்று தலையாட்டியது ஒன்றுதான். 'சரி, விடு' என்பதற்கும் அப்படித்தான் ஆட்டுவாய். 'நீ இவ்வளவுதான்' என்பதற்கும் அப்படித்தான் ஆட்டுவாய். இருபது வருடம் உன்னோடு பழகியும் அது எது என்று எனக்குத் தெரியவில்லை.