கனமான மட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? போனில் சொன்னால் நடுவிலேயே திட்டுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் விளையாட்டுக் கூடத்தில் முகத்தில் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோல்ஃப் ஆடுவார்கள். பந்து, புல்வெளி எல்லாம் அதற்குள்தான் தெரியும். கையில் இருப்பது வெறும் ரிமோட். அதைச் செருகிப் பிடிக்க ஒரு மட்டை வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் கூடத்துக்குக் கொண்டுவந்த மாதிரிகளில் முதலாளி நீளமானதை எடுத்து ஒரே வீச்சு வீசினார். மேலே இருந்த விளக்கு தூள்தூள். பயப்படாதே, என் நெற்றியில் சின்னக் கீறல்தான்.

"எனக்கு வேணாம்யா இந்த வம்பு, நீயே ஒண்ணு சொல்லு" என்றார்.

குட்டையாக, அடியில் இரும்பு வைத்த மட்டையைக் காட்டினேன். "கண்ணு ஏமாந்துடும் சார், கை ஏமாறாது. கனம் இருந்தாத்தான் நிஜமா அடிச்ச மாதிரி இருக்கும்."

அதிலேயே பத்து வாங்கிவிட்டார். இப்போது இங்கே என் பேச்சுக்குத் தனி மரியாதை!

ஒரு உதவி செய். பாப்பாவைத் தினமும் போனில் பார்க்கிறேன், ஒரு நாளும் தூக்கியதில்லை. தடுப்பூசிக்குப் போகும்போது எடை கேட்டு எழுது. அதே எடைக்கு அரிசியைப் பையில் கட்டி மடியில் வைத்துக்கொள்கிறேன்.

பஸ் வந்துவிட்டது. கிராமையும் விடாமல் எழுது.

பாப்பாவின் அப்பா