எண்ணெய் வடித்த பிக்கப்

இன்று காலை கியர் எண்ணெய் டின்னின் மூடியைத் திருகித் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன டின். உள்ளே கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுக்கும் சிராப் சர்பத் போலச் செக்கச்செவேலென்று எண்ணெய். யார் ஊற்றுவார்கள் என்று நினைத்து இதை வைத்துவிட்டுப் போனீர்கள்? பெண்டாட்டி என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள், அப்படித்தானே?

அந்தப் பழைய பிக்கப்பை வாங்கி வந்த நாளிலிருந்து உங்களுக்கு ஒரே பேச்சு. என் கேட்டரிங் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போகும்போது, கியர் மாறுகையில் ஒரு குலுக்கு குலுக்கும். சாம்பார் தளும்பி வழியும். "பழைய ஓனர் கியர் எண்ணெய மாத்தவே இல்ல போல. வொர்க்‌ஷாப் எதுக்கு, நானே வீட்டுல மாத்திடுறேன் லா" என்றீர்கள். எந்த வேலையைத்தான் நீங்கள் வெளியே விட்டீர்கள்?

அன்று சனிக்கிழமை. இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தீர்கள். சூட்டில்தான் எண்ணெய் நன்றாக இறங்குமாம். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தீர்கள். எனக்கு வழக்கமான வேலை, குந்தி உட்கார்ந்து டார்ச் பிடிப்பது. எண்ணெய் கறுப்புக் கோப்பி போல பேசினில் விழுந்தது. நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் வெளிச்சம் உங்கள் முகத்துக்குப் போய்விட்டது.

"என் மூஞ்சியா ஒழுகுது? நட்டுக்குக் காட்டு!" என்று கத்தினீர்கள். தண்ணீர்க் குழாய் மாற்றும்போதும் இதே கத்தல், மோட்டார் சைக்கிளைப் பிரிக்கும்போதும் இதே கத்தல். கல்யாணமானதிலிருந்து கேட்டுப் பழகியதுதான்.

வடிந்ததை மினரல் வாட்டர் பாட்டில்களில் ஊற்றி ஓரமாக வைத்தீர்கள். "எவ்வளவு வடிஞ்சதோ அவ்வளவுதான் ஊத்தணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது." பிறகு கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினீர்கள். அதைச் சுற்றியிருந்த கேஸ்கட், அந்த ரப்பர் வளையம், கையோடு பிய்ந்து வந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தீர்கள். "கேஸ்கட் வாங்கிட்டு வந்துடுறேன். யாரையும் வண்டிய ஸ்டார்ட் பண்ண விடாத. எண்ணெ இல்லாம ஓடுச்சுன்னா கியர்பாக்ஸ் காலி."

கொஞ்ச நேரத்தில் உங்கள் நம்பரிலிருந்து கால் வந்தது. "என்னங்க, கேஸ்கட் இல்லியா?" என்றேன்.

"அக்கா, ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேர்ந்து பேசுறேன். நீங்க அண்ணனோட வைஃபா?" யாரோ ஒருவரின் குரல். "அண்ணன் கவுண்டர்லதான் நின்னாரு, அப்படியே விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் வருது."

அதற்கு நான் என்ன கேட்டேன் தெரியுமா? "கேஸ்கட் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார்கள். உங்கள் கைக்கடிகாரம், போன், மோதிரம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தாதி என்னிடம் நீட்டினார். அதற்குள் கேஸ்கட்டும் இருந்தது.

உங்களை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பிக்கப் நின்ற முன்வாசல் போர்ச்சைக் காலி செய்ய வேண்டும். கூடாரம் போடுகிறவர்கள் வந்து காத்திருந்தார்கள். செராஸிலிருந்து வந்த உங்கள் சித்தப்பா மகன் சாவியை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறினார். உட்கார்ந்திருந்த நான் எழுந்து ஓடினேன்.

"ஐயோ, ஸ்டார்ட் பண்ணாதீங்க! அதுல எண்ணெ இல்ல! தள்ளுங்க, தள்ளிக்கிட்டுப் போங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். துக்கத்துக்கு வந்த ஆண்கள் எல்லாரும் சேர்ந்து வண்டியை ரோட்டுக்குத் தள்ளினார்கள். உங்களைக் கிடத்த வேண்டிய இடத்தில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. நான் முட்டி போட்டுத் துடைத்தேன்.

பண்டமாரானிலிருந்து வந்த உங்கள் அக்கா எல்லார் முன்னாலும் சொன்னார்: "என் தம்பிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. லோரிக்கு அலறுறா."

நிஜமாகவே எனக்கு அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை, கருமாதியன்றும் வரவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ண விடாதே என்பதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை. உங்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை, அந்த வார்த்தையையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஓடினேன். இதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பேன்? அதற்கப்புறம் அக்கா போன் செய்யும்போதெல்லாம், "என் தம்பிய முழுங்கின சனியன், அத வித்துடு" என்பார். நீங்கள் பாதியில் விட்ட வேலையோடு அதை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி போர்ச்சுக்குள் தள்ளி வைத்திருந்த வண்டியின் அடியில் இன்று நானே அட்டையை விரித்துப் படுத்தேன். தட்டைத் துடைத்து, அந்தக் கேஸ்கட்டை வைத்து, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கினேன். உங்கள் பாட்டில்களைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்து, நீளப் புனல் வழியாகப் புது எண்ணெயை ஊற்றினேன். பிரேக்கை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்து, கியரை மெதுவாக ஒவ்வொன்றாக நகர்த்தினேன். குலுக்கல் இல்லை. வண்டி பிழைத்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இது பிழைக்கிறது, நீங்கள் பிழைக்கவில்லை.

இஞ்சினை அணைத்துவிட்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க மறுபடியும் அடியில் போனேன். டார்ச் பிடிக்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்து, தனியாக விடக்கூடாது என்று என்னைக் கையோடு பண்டமாரானில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக உங்கள் அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்ததும் நின்றார். பிறகு புடவையைச் சொருகிக்கொண்டு குந்தி, டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார். வெளிச்சம் என் முகத்தில் வந்து விழுந்தது, நகரவே இல்லை.

"என் மூஞ்சியா ஒழுகுது? நட்டுக்குக் காட்டுங்க!" என்று கத்தினேன்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. உங்கள் எரிச்சல், உங்கள் ராகம், அப்படியே என் வாயிலிருந்து வந்திருந்தது. வெளிச்சம் ஒருமுறை ஆடியது. மல்லாந்து கிடந்தபடியே அழுதேன், இத்தனை நாள் வராததெல்லாம் சேர்ந்து வந்தது. காதுக்குள்ளெல்லாம் இறங்கியது. அக்கா டார்ச்சை அணைக்கவில்லை.

பிறகு கேட்டார்: "அவன மாதிரியே இன்னொரு தடவ சொல்லேன்."

அதே கத்தலோடு சொன்னேன்.